கை நனைக்கப் போன புதன்கிழமை

எனக்கு ஆபரேஷன் ஆகிப் பத்து வாரம் முடிந்திருந்தபோது மகளுக்கு மாப்பிள்ளை வீடு பார்க்கப் போனோம். இந்த இரண்டும் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும் என்று எங்கள் வீட்டில் யாருக்கும் கடைசி நாள் வரை தோன்றவில்லை. எனக்கே தோன்றவில்லை. ஐம்பது வருடம் சாப்பாட்டைத் தவிர வேறு எதையும் உருப்படியாக யோசிக்காதவள் நான். அந்த ஒரு விஷயத்தில்தான் கோட்டைவிட்டேன்.

ஆபரேஷன் என்றால் எடை குறைக்கிற ஆபரேஷன். வயிற்றில் முக்கால் பாகத்தை வெட்டி எடுத்துவிட்டு மிச்சத்தை ஒரு வாழைக்காய் அளவுக்குத் தைத்துவிடுவார்கள். நூற்றுப் பதினெட்டு கிலோ இருந்தேன். சர்க்கரை, பிரஷர், மூட்டுவலி என்று ஒன்று பாக்கியில்லை. பாகூர் பக்கம் கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகத்தில் பிறப்பு இறப்புச் சான்றிதழ் பிரிவில் எழுத்தர் வேலை எனக்கு. மாடிப்படி ஏற முடியவில்லை என்று சொன்னதும் என் மேசையைக் கீழே இறக்கிப் போட்டார்கள். அதோடு விட்டிருக்கலாம். "மேடத்துக்காக ஒரு செக்‌ஷனையே கீழ இறக்கிட்டோம்" என்று மேலதிகாரி வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரித்தார். அந்தக் கோபத்தில்தான் ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போட்டேன். டாக்டரிடம் மூட்டுவலி என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

ஆஸ்பத்திரியில் சாப்பாட்டு முறை சொல்லிக் கொடுத்தது ஒரு சின்னப் பெண். என் மகளைவிட இரண்டு வயது குறைவாக இருக்கும். ஒவ்வொரு வாயையும் இருபத்தைந்து தடவை மெல்ல வேண்டும். சாப்பிடும்போது தண்ணீர் கூடாது. முதலில் பருப்பு, முட்டை, சோறு கடைசியில். இனிப்புப் பக்கமே திரும்பக் கூடாது.

"இனிப்பு சாப்ட்டா இன்னா ஆவும்?" என்று கேட்டேன்.

"சாப்ட்டுப் பாத்தா தெரியும்மா. ஒரு தடவைக்கு மேல யாரும் சாப்புடறது இல்ல" என்றாள் அவள், ஏதோ கண்டக்டர் டிக்கெட் கிழிப்பதுபோல.

முதல் மாதம் அரை டம்ளர் மோரைக் குடித்து முடிக்க முக்கால் மணி நேரம் ஆனது. அப்புறம் அரை இட்லிக்கு உயர்ந்தேன். ஒரு காலத்தில் ஏழு இட்லிக்குப் பிறகுதான் எனக்குச் சட்னியின் ருசியே தெரிய ஆரம்பிக்கும். இப்போது அரை இட்லியோடு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். பழக்கதோஷத்தில் பழைய அளவுக்கே ஆக்கிவிடுவேன். மிச்சத்தை எல்லாம் வீட்டுக்காரர் முடித்து வைத்தார். கொட்ட மனசு வரவில்லை என்றார். இரண்டு மாதத்தில் எனக்குப் பதினாறு கிலோ குறைந்தது, அவருக்கு ஆறு கிலோ ஏறியது. எங்கள் வீட்டில் எதுவும் வீணாகவில்லை.

தெம்புதான் பெரிய பாடாக இருந்தது. காலையில் சரியாக இருப்பேன். பதினோரு மணிக்குக் கண் சொருகும். ஒருநாள் இறப்புப் பதிவேட்டின் மேலேயே தலையை வைத்துத் தூங்கிவிட்டேன். அப்பா இறந்ததைப் பதிய வந்த ஒரு மனிதர் ஜன்னலுக்கு வெளியே வெகுநேரம் நின்றிருக்கிறார். கடைசியில் பியூனைக் கூப்பிட்டு, "அந்தம்மாவ கொஞ்சம் தொட்டுப் பாருங்க" என்று சொல்லியிருக்கிறார். எட்டாவது வாரத்தில் எங்கிருந்தோ உடம்பில் உயிர் வந்தது. விடியற்காலையில் எழுந்து ஃபேன் இறக்கையெல்லாம் துடைத்தேன். மாடிப்படியை ஒரே மூச்சில் ஏறி, மேலதிகாரி அறை வாசலில் நின்று, "சும்மாதான் சார் வந்தேன்" என்று சொல்லிவிட்டு இறங்கினேன். அன்று சாயங்காலம் ஐந்து மணிக்கு ஸ்கூட்டியில் சாவியைப் போடக்கூடத் தெம்பில்லாமல் வாசல் திண்டில் உட்கார்ந்திருந்தேன் என்பது வேறு விஷயம்.

இளைத்தால் நாலு பேர் சந்தோஷப்படுவார்கள் என்று நினைத்திருந்தேன். வில்லியனூரில் பூ வாங்கப் போனால் பூக்கார அம்மா முழம் போடுவதை நிறுத்திவிட்டு, "இன்னாம்மா ஒடம்புக்கு? ஊசி போடறாங்களா, மருந்தா?" என்று கேட்டாள். முன்பு நான் சாப்பிடுவதைப் பார்த்தார்கள். இப்போது சாப்பிடாததைப் பார்க்கிறார்கள். உண்மையைச் சொல்லவும் வழியில்லை. ஆபரேஷன் விஷயம் வெளியே போகக் கூடாது என்று என் அண்ணன் உத்தரவு போட்டிருந்தார்.

"பொண்ணுக்கு எடம் பாக்கற நேரம். ஆபரேஷன்னு சொல்லாத. எதுக்குன்னு கேப்பாங்க. ஒடம்பு பரம்பரையான்னு கேப்பாங்க. பொண்ணுக்கும் நாளைக்கி வருமான்னு கேப்பாங்க. வாய மூடிக்கினு இரு."

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. ஏனென்றால் அந்த இடம் சாதாரணமாக வந்த இடமில்லை.

மகளும் அந்தப் பையனும் ஒரே கல்லூரியில் படித்தவர்கள். பையன் வீடு மதகடிப்பட்டைத் தாண்டி உள்ளே போகணும். கரும்பு போடுகிற குடும்பம். விஷயம் தெரிந்ததும் பையனின் அப்பா ஒரு வருடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பையனும் பிடிவாதமாக இருந்தான். கடைசியில் அவர் இறங்கி வந்தார், ஆனால் ஒரு நிபந்தனையோடு. பிள்ளைகளாகப் பார்த்துக்கொண்டது பார்த்துக்கொண்டதாக இருக்கட்டும், இனிமேல் எல்லாம் முறைப்படி நடக்க வேண்டும் என்றார். முறைப்படி என்றால் முதலில் பெண் வீட்டார் போய் மாப்பிள்ளை வீடு பார்க்க வேண்டும்.

எங்கள் பக்கத்தில் இதற்கு ஒரு ஒழுங்கு உண்டு. போகிறவர்களுக்கு இடம் பிடித்திருந்தால் இலை போட்டதும் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். அதற்குக் கை நனைப்பது என்று பெயர். கை நனைத்தால் சம்மதம். பிடிக்கவில்லை என்றால் ஒரு வாய் காபியோடு எழுந்து, "சொல்லி அனுப்பறோம்" என்று கும்பிட்டுவிட்டு வந்துவிடுவார்கள். அப்புறம் எதுவும் சொல்லி அனுப்ப மாட்டார்கள். இரண்டு பக்கமும் யாரும் யார் மனசையும் நோகடிக்காமல் காரியம் முடிந்துவிடும். பெண்ணின் அப்பா அம்மா இரண்டு பேருமே கை நனைக்க வேண்டும்.

முதல் நாள் ராகுகாலம் எமகண்டம் எல்லாம் பார்த்து முடித்த பிறகுதான் மகள் மெதுவாகக் கேட்டாள்.

"ம்மா, நீ அங்க எப்பிடி சாப்புடுவ?"

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அவங்கப்பாவ வழிக்குக் கொண்டார ஒரு வருஷம் ஆச்சும்மா. எதனா சாக்கு கெடைக்குமான்னு பாத்துக்கினு இருக்காரு. எப்பிடியாவது சாப்ட்ரும்மா." அவள் எதற்கும் கெஞ்சுகிற பெண் இல்லை. அவள் குரலைக் கேட்டதும், எப்படி என்று யோசிக்காமலேயே, "சாப்டறேன்டி" என்று சொல்லிவிட்டேன்.

வீட்டுக்காரர் ஒரு திட்டம் சொன்னார். அவர் எனக்கு இடது பக்கம் உட்காருவார். நான் இலையில் பிசைந்துகொண்டே இருக்க வேண்டும். யாரும் பார்க்காத நேரம் கொஞ்சம் கொஞ்சமாக அவர் இலைக்குத் தள்ளிவிட வேண்டும். மிச்சத்தை அவர் பார்த்துக்கொள்வார். கல்யாணமான நாளிலிருந்து வீட்டு வேலையில் ஒரு துரும்பைக்கூட நகர்த்தாத மனிதர் இதற்கு மட்டும் ஆசை ஆசையாக முன்வந்தார். ராத்திரி சாப்பாட்டில் ஒத்திகையும் பார்த்தோம். நன்றாகவே வந்தது.

மூன்று பேராகப் போகக் கூடாது என்று அண்ணியையும் சேர்த்துக்கொண்டு அண்ணன் காரில் புறப்பட்டோம். பெண் வரக் கூடாது என்பதால் மகள் வீட்டிலேயே இருந்தாள்.

பையன் வீடு விசாலமாக இருந்தது. பின்னால் கரும்பு நின்றது. பையனின் அம்மா குள்ளமாக, சுறுசுறுப்பாக, பேச்சில் வெட்டு ஒன்று துண்டு இரண்டாக இருந்தார். நாலு மணிக்கு எழுந்து தன் கையாலேயே எல்லாம் சமைத்ததாகச் சொன்னார். பையனின் அப்பா தோளில் துண்டோடு எங்களை ஒவ்வொரு அறையாகக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். போர்வெல் மோட்டாரைக்கூடப் போட்டுக் காட்டினார். எல்லாவற்றுக்கும் நான் தலையாட்டினேன். மனசெல்லாம் இலையிலேயே இருந்தது.

இலை போட்டார்கள். ஆண்களுக்கு வராந்தாவில். பெண்களுக்கு உள்ளே கூடத்தில்.

வீட்டுக்காரர் வராந்தாவிலிருந்து என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். அவர் முகத்தில் தெரிந்த ஏமாற்றத்தில் பாதி எனக்காக என்று நம்புகிறேன். என் பக்கத்தில் அண்ணி உட்கார்ந்தார். அண்ணி முப்பது வருடச் சர்க்கரைக்காரி. தன் இலையைப் பார்த்தே அவர் பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தார்.

இலை நுனியில் கேசரி. பக்கத்தில் வடை, உருளைக்கிழங்கு, அவரைக்காய், அப்பளம். நடுவில் குன்று மாதிரி சோறு, அதன் மேல் பருப்பும் நெய்யும். நான் சுண்டுவிரல் நகம் அளவுக்குப் பருப்புச் சோற்றை எடுத்து வாயில் போட்டு எண்ண ஆரம்பித்தேன். ஒன்று, இரண்டு, மூன்று. இருபத்தைந்து வந்ததும் அடுத்தது. நாலு வாய் முடிவதற்குள் அண்ணியே ரசத்துக்கு வந்துவிட்டார். என் இலை மட்டும் போட்டபடி இருந்தது.

பையனின் அப்பா வராந்தாவுக்கும் கூடத்துக்கும் நடுவில் வாசற்படியில் நின்று இரண்டு பந்தியையும் மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கண் என் இலையில் வந்து நின்றது.

"இன்னாங்க, எல அப்பிடியே கீது?"

என் வாயில் சோறு. எண்ணிக்கை பதினெட்டில் இருந்தது. நான் விழுங்கிவிட்டுப் பதில் சொல்வதற்குள் வராந்தாவிலிருந்து அண்ணன் குரல் கொடுத்தார்.

"தங்கச்சிக்கு இன்னிக்கி விரதம்ங்க."

அதே நேரத்தில் வீட்டுக்காரரும் குரல் கொடுத்தார்.

"வரும்போதே வூட்ல சாப்ட்டு வந்துட்டாங்க."

இருபத்தாறு வருடக் குடித்தனத்தில் அந்த மனிதர் பேசாமல் இருந்திருக்க வேண்டிய இடங்கள் எத்தனையோ உண்டு. அதில் தலையாயது இது. கை நனைக்கப் போகிற வீட்டுக்குச் சாப்பிட்டுவிட்டுப் போவது என்றால், உன் வீட்டில் கை நனைக்க மாட்டேன் என்று புறப்படும்போதே முடிவு செய்துவிட்டதாக அர்த்தம். நேரடியாகப் பிடிக்கவில்லை என்று சொல்வதுகூட இவ்வளவு மோசமில்லை.

"புதன்கிழமைல இன்னா விரதம்?" என்றார் பையனின் அப்பா. அப்புறம் குரலைத் தாழ்த்தி, "விரதம் இருக்கறவங்க எப்பிடி சாப்ட்டு வருவாங்க?" என்றார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "சரி. முடிவோடதான் வந்துருக்கீங்க. மொதல்லயே சொல்லியிருந்தா அவ நாலு மணிக்கு எழுந்திருக்க வேணாம்."

பையனின் அம்மா சாம்பார் கரண்டியோடு அப்படியே நின்றார். அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. வீட்டில் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் மகள் ஞாபகம் வந்தது. வராந்தாவில் உட்கார்ந்திருந்த இரண்டு புத்திசாலிகள் மேல் வந்த ஆத்திரத்தில் எனக்குக் கண்மண் தெரியவில்லை. இலை நுனியில் இருந்த கேசரியை மொத்தமாக அள்ளி வாயில் போட்டு மெல்லாமல் விழுங்கினேன்.

"நல்லாருக்குங்க. நெய் வாசன தூக்குது" என்றேன்.

பையனின் அப்பா முகம் தெளிந்தது. பையனின் அம்மா ஓடி வந்து இன்னொரு கரண்டி கேசரி வைத்தார். அதையும் சாப்பிட்டேன். வராந்தாவில் அண்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டு முகூர்த்தத் தேதி பற்றிப் பேச ஆரம்பித்தார். ஒரு பத்து நிமிடம் எல்லாம் நன்றாக இருந்தது.

அப்புறம் அந்தச் சின்னப் பெண் சொன்னது நடந்தது. முதலில் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. முதுகில் வியர்வை ஆறாக ஓடியது. வயிற்றை யாரோ துணியைப் பிழிவதுபோல் முறுக்கினார்கள். பந்தியில் பாதியில் எழுந்திருக்கக் கூடாது என்பது தெரியும். எழுந்தேன். பின்கட்டுக் கதவைத் திறந்துகொண்டு ஓடி, கரும்புக்குப் போகிற வாய்க்கால் ஓரத்தில் குனிந்து, அந்த வீட்டில் சாப்பிட்ட அத்தனையையும் அவர்கள் நிலத்துக்கே திருப்பிக் கொடுத்தேன்.

பையனின் அம்மாதான் என்னைத் தாங்கிப் பிடித்து உள்ளறைக் கட்டிலில் படுக்க வைத்தார். கண்ணை மூடிக் கிடந்தேன். வராந்தாப் பேச்சு நன்றாகவே கேட்டது.

"கை நனைச்சது நனைச்சதுதானுங்க. எல்லாரும் பாத்தோம்" என்று அண்ணன் வாதாடினார்.

"பாத்தோம், இல்லன்னு சொல்லல. ஆனா உள்ள தங்கலியே" என்றார் பையனின் அப்பா. அவர் கேலி செய்யவில்லை. உண்மையிலேயே அவருக்கு அது சந்தேகமாக இருந்தது. இப்படி ஒரு வழக்கை அவர் முன்னோர் யாரும் சந்தித்திருக்க மாட்டார்கள். "சாமி காரியம் பாருங்க. அதுவா வெளிய வருதுன்னா, ஏதோ ஒத்துக்கலன்னுதான அர்த்தம்?"

எனக்கு அழுகை வந்தது. பிள்ளையின் ஒரு வருடத்தை இரண்டு கரண்டி கேசரியில் கரைத்துவிட்டேன்.

பையனின் அம்மா கதவைச் சாத்திவிட்டு வந்து கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார்.

"ஏங்க, மறைக்காம சொல்லுங்க. எங்க வூடு புடிக்கலியா, நான் ஆக்கனது புடிக்கலியா?"

அண்ணனின் உத்தரவு போகட்டும் என்று எல்லாவற்றையும் சொன்னேன். நூற்றுப் பதினெட்டு கிலோவிலிருந்து இருபத்தைந்து தடவை மெல்லுவது வரை சொன்னேன். ராத்திரி நடந்த ஒத்திகையைக்கூட விடவில்லை. அவர் வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"முக்கா வயித்தையா எடுத்துட்டாங்க?"

"ஆமாங்க."

"எடுத்தத இன்னா பண்ணாங்க?"

"கேக்கலைங்க."

"கேட்டுருக்கணும்" என்றார் கண்டிப்பாக. அப்புறம் அவருக்குக் கோபம் வந்தது. "இத ஒரு போன் போட்டு சொல்றதுக்கு இன்னா? எம்புள்ள ஒரு வருஷமா வேளைக்கு சரியா சோறு துன்னல. இன்னிக்காவது முடியும்னு விடியறதுக்கு முன்னாடி எழுந்து ஆக்கிக்கினு இருக்கறேன். நீங்க எலய தடவிக்கினு இருக்கறத பாத்ததும் எனக்குக் கை ஓடல, கால் ஓடல."

பயந்தது நான் மட்டும்தான் என்று அதுவரை நினைத்திருந்தேன்.

படபடப்பு அடங்க அரை மணி நேரத்துக்கு மேல் ஆனது. அவர் எழுந்து போய் ஒரு சின்னக் கிண்ணத்தில் ரசம் சோற்றைக் குழையப் பிசைந்து எடுத்துக்கொண்டு வந்தார்.

"இது ஒத்துக்குமா?"

"ஒத்துக்கும். ஆனா ரொம்ப நேரம் ஆவுங்க. நீங்க வெளிய வேலயப் பாருங்க."

"ஆவட்டும்" என்று சொல்லிவிட்டுத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

முதல் வாயை எடுத்து மெல்ல ஆரம்பித்தேன். அவர் உதடு அசைந்தது. சத்தமில்லாமல் எண்ணிக்கொண்டிருந்தார். இருபத்தைந்து வந்ததும் எனக்கு முன்னால் அவர் தலையாட்டினார். வராந்தாவிலிருந்து, "இன்னா ஆச்சு?" என்று குரல் வந்தது. "சாப்புடறாங்க, சும்மா இருங்க" என்று இங்கிருந்தே அதட்டினார். இரண்டாவது வாய்க்கு நடுவில் மறுபடி கேட்டார்கள். "இன்னும் சாப்புடறாங்க" என்றார்.

நான் சாப்பிடுவதைப் பார்க்காதவர்கள் கிடையாது. கல்யாண வீட்டில் எத்தனை இட்லி, எத்தனை வடை என்று எண்ணியிருக்கிறார்கள். அதனாலேயே நான் யார் கண்ணிலும் படாமல் சாப்பிடப் பழகினேன். வீட்டில் எல்லோருக்கும் போட்டு முடித்து, அடுப்படியில் நின்றபடி, யாராவது வருவதற்குள் சட்டிபானையிலிருந்தே அள்ளி விழுங்கியிருக்கிறேன். அப்படித்தான் நூற்றுப் பதினெட்டு சேர்ந்தது. நான் சாப்பிட்டு முடிக்கட்டும் என்று யாரும் என் எதிரில் உட்கார்ந்திருந்ததில்லை. என் வீட்டுக்காரர் இல்லை, என் மாமியார் இல்லை, பெற்ற பிள்ளையும் இல்லை. மூன்றாவது வாய் வாயில் இருக்கும்போது கண்ணீர் பொலபொலவென்று கொட்டிவிட்டது.

"மொளகு தூக்கலா?" என்று பதறினார்.

இல்லை என்று தலையாட்டினேன். வாயில் சோறு, எண்ணிக்கை ஒன்பதில் இருந்தது.

முடித்ததும் அவரே என் கைக்குத் தண்ணீர் ஊற்றினார். கிண்ணத்தோடு வராந்தாவுக்குப் போய், "கை நனைச்சிட்டாங்க. மூணு வாயி. நான் கூடவே இருந்து பாத்தேன், உள்ளதான் இருக்குது" என்றார்.

"மூணு வாயிதானா?"

"மொறைல எத்தினி வாயின்னு சொல்லியிருக்குதா?"

பையனின் அப்பா நன்றாக யோசித்தார். "அப்பிடி ஒண்ணும் சொல்லல" என்று ஒத்துக்கொண்டார். பிறகு உள்ளே எட்டிப் பார்த்து, "சம்பந்தி, ஒடம்பு இப்ப தேவலயா?" என்று என்னைக் கேட்டார். அண்ணன் அப்படியே நாற்காலியில் சாய்ந்துவிட்டார். வீட்டுக்காரர் இன்னும் இரண்டு வடை வாங்கிக்கொண்டார்.

கார் புறப்பட்டு மெயின் ரோட்டுக்கு வருவதற்குள் மகள் போன் செய்துவிட்டாள். சம்மதம் என்று முன் சீட்டிலிருந்து அண்ணன் கத்திச் சொன்னார். அவளுக்கு மூச்சு வந்தது. கொஞ்ச நேரம் சிரித்தாள். அப்புறம்தான் கேட்டாள்.

"வூடு எப்பிடிம்மா இருக்குது?"

எத்தனை அறை என்று ஞாபகமில்லை. மோட்டாரைப் போட்டுக் காட்டியது மட்டும் லேசாக நினைவிருந்தது. நான் வீடு பார்க்கப் போனேன், ஆனால் வீட்டைப் பார்க்கவேயில்லை.

"நான் சாப்ட்டு முடிக்கற வரைக்கும் அந்தம்மா எழுந்திருக்கலடி" என்றேன்.